சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் கற்ற பாஷை

போன வாரம் நம் மாலைக் கூட்டத்தில், பொழுது போகாமல், ஆளாளுக்கு எத்தனை பாஷை தெரியும் என்று சொல்லும் விளையாட்டு ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? ஒருவர் தெலுங்கு, கன்னடம் என்றார். டில்லியில் வேலை பார்த்தவர் இந்தியை அவிழ்த்துவிட்டார். என் முறை வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டேன். தலைசுற்றல் என்று நினைத்து நீங்கள் சோடா உடைத்துக் கொடுத்தீர்கள். அதையும் குடித்துவைத்தேன். தலைசுற்றலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குத் தெரிந்த பாஷைகளில் ஒன்றின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உங்களுக்கும் என் வயதுதான், அந்த யுத்தகாலத்தை நீங்களும் பார்த்தவர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. வண்டி வரும்போதெல்லாம் அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று பேசும். பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்த கோடை அது. ஒவ்வொரு வண்டியிலும் ஆள் ஒரு பங்கு, சாமான் மூன்று பங்கு வந்து இறங்கும். அம்மி, ஆட்டுக்கல், வீணைப்பெட்டி, தையல் மிஷின், கூண்டுக் கிளி, ஊறுகாய் ஜாடி. ஒருவர் வாசல் கதவையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பார்சல் ஆபீசுக்குள் கால் வைக்க இடம் இல்லை. அப்பா சோறு தின்னவும் வீட்டுக்கு வருவதில்லை.

எனக்கு ஒன்பது முடிந்து பத்து. பள்ளிக்கூடம் லீவு. என்னை அந்த இரண்டு அறைக்குள் அடைத்துவைப்பது ஆகாத காரியம். "ஒரு எடத்துல குந்துறியாடி நீ? கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்திருக்கே" என்று அம்மா நாளைக்குப் பத்துத் தரம் சொல்வாள். அம்மா திருவெண்ணெய்நல்லூர்க்காரி, வயல்காட்டில் வளர்ந்தவள். அவளுக்கே அந்த ரயில்வே வீடு மூச்சு முட்டியது என்பது இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு அவளை என் சிறைக்காவலாளி என்றுதான் நினைத்தேன்.

சரக்குக் கொட்டகைக்குப் பின்னால், தண்டவாளம் தாண்டி ஒரு பொட்டல். நாலு பனைமரம், கொஞ்சம் வேலமுள். அங்கே ஊசி பாசி விற்கிறவர்கள் வந்து கூடாரம் அடித்திருந்தார்கள். இன்றைக்கு நரிக்குறவர் என்கிறோம். அப்போது எங்கள் பக்கத்தில் குருவிக்காரர் என்றுதான் பேர். அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொன்ன அன்றே போய்விட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் நாலு நாள் கழித்துப் போயிருப்பேன்.

அங்கே என் வயதில் ஒரு பெண் இருந்தாள். எண்ணெய் காணாத செம்பட்டைத் தலை, கழுத்து கொள்ளாத பாசிமணி. தகரத் தட்டில் மணிகளைக் கொட்டி, கண்ணால் பார்க்காமலே கோத்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய் நின்றேன். அவள் நிமிரவில்லை. பேர் என்ன என்று தமிழில் கேட்டேன். காது கேளாதவள் மாதிரி இருந்தாள். அவள் அம்மா கூடாரத்துக்குள்ளிருந்து என்னவோ கேட்க, இவள் என்னவோ பதில் சொன்னாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள்! என் முன்னால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் தெரியவில்லை! மறுநாள் மடியில் வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கட்டிக்கொண்டு போனேன்.

மல்லாட்டை வேலை செய்தது. ஒரு கொட்டையைத் தூக்கிக் காட்டினேன், அவள் தன் பாஷையில் அதன் பேரைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொன்னால்தான் அந்தக் கொட்டையை என் கையிலிருந்து வாங்குவாள். தப்பாகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொண்டுபோனது நான், கர்வம் அவளுக்கு. அப்படித்தான் தொடங்கியது. தண்ணீருக்கு அவர்கள் சொன்ன பேர் எங்கள் தெரு பாய் வீட்டில் கேட்ட சொல்லாகவே இருந்தது. அது எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. ஊசி, நூல், வலை, கவுதாரி, நரி, நாய், வா, போ, கொடு, திருடி. ஒரு மாதத்தில் அவள் பேசுவதில் பாதி பிடிபட்டது. அடுத்த மாதத்தில் முக்கால். அந்தச் சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று இதைப் படித்து முடித்த பிறகு கேட்காதீர்கள்.

சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. பதிலுக்கு நான் அவளுக்குக் கைகாட்டி மரத்தைக் கற்றுக்கொடுத்தேன். கை இறங்கினால் வண்டி வருகிறது, தூக்கியிருந்தால் இல்லை. மணி எத்தனை அடித்தால் எந்தப் பக்கத்து வண்டி. அவள் இரண்டே நாளில் அத்தனையும் தெரிந்துகொண்டு, புதுச்சேரி வண்டி வருவதற்கு முன்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் வியாபாரம் சூடுபிடித்தது. பாசி கோக்க நானும் உட்காருவேன். ஓர் இடத்தில் குந்தாதவள் அங்கே மட்டும் மணிக்கணக்காகக் குந்தினேன். வெயிலில் காய்ந்த தோல் நாற்றம், புகை, நாய்க்குட்டிகள். மணிகள் வியர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

அவள் ஒருநாள் எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்து, இதைத் தன் அப்பாவிடம் போய்ச் சொல், சந்தோஷப்படுவார் என்றாள். அவர் துப்பாக்கிக்குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், குழலைக் கீழே போட்டுவிட்டு, மல்லாந்து விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிழட்டு நரியே, உனக்கு எப்போது பல் விழும் என்று கேட்டிருக்கிறேன்! அன்று முதல் அந்தக் கூடாரத்தில் எனக்கு இடம் உண்டு. யாரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவதில்லை.

வீட்டில்தான் பேஜாரு. அரிசி புடைக்கும்போது வாய் தன்னால் அந்தப் பாஷையை முணுமுணுக்கும். அம்மா கேட்டுவிட்டாள். பனைமரத்துப் பக்கம் போனாயே, எதுவோ அடித்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கீழ்ப்பெரும்பாக்கத்துப் பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போய், வேப்பிலையால் முதுகு சிவக்க அடிக்கவைத்து, கையில் ஒரு தாயத்தும் கட்டவைத்தாள். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. பிசாசு பிடித்தவள் எல்லாம் தன்னைப் பிசாசு பிடிக்கவில்லை என்றுதான் சொல்வாளாம்.

அப்பா நம்பினார். கேட்டதும் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அவருக்கு உத்தியோகத்தில் தெலுங்கு, இங்கிலீஷ், கொஞ்சம் உருது உண்டு. அந்தப் பெருமை அவருக்கு அதிகம். தன் பிள்ளைக்கும் அது வந்துவிட்டது என்று பார்சல் ஆபீசுக்கு அழைத்துப்போய், பெட்டி ஒன்றின்மேல் என்னை நிறுத்தினார். சொல்லு பாப்பா, தண்ணிக்கு என்ன, நாய்க்கு என்ன. நான் சொல்லச் சொல்லப் போர்ட்டர்கள் சிரித்தார்கள். ரயில்வே போலீஸ் ஏட்டு ஒருவர், பெரிய மீசை, கையில் எப்போதும் வெற்றிலைப் பொட்டலம், அவரும் நின்று கேட்டார். "இந்தப் பாஷை எங்க டிபார்ட்மெண்ட்ல ஒர்த்தனுக்கும் வராது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எதற்கும் என்னை யாரும் கெட்டிக்காரி என்றதில்லை.

இப்போது அந்த மூட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேனே தவிர அதனிடம் போக மனம் வரவில்லை, பார்த்தீர்களா?

அவர்கள் கூடாரத்தின் உள்மூலையில் ஒரு மூட்டை, தரையில் படாமல் ஒரு கொம்பில் தொங்கும். அவள் அதன் பக்கம் போகமாட்டாள். அவள் அம்மாவும் தொடமாட்டாள். நான் ஒருநாள் விரலை நீட்டினேன், கையில் படார் என்று ஒரு அடி விழுந்தது. அப்புறம் நான் அழுததைப் பார்த்து, அவளே பனைமரத்து அடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அது அவர்களுடைய சாமி மூட்டை. பெண் பிள்ளை இன்னொரு குடிக்குப் போகிறவள் என்பதால் தொடக்கூடாது. வெளி ஆள் கண்ணாலும் பார்க்கக்கூடாது. கும்பிடுகிற நாளில் மட்டும் அவள் அப்பா குளித்து, கிடா வெட்டித் திறப்பார். உள்ளே ஆத்தாளின் உருவம் அடித்த வெள்ளித் தகடுகள் இருக்கின்றன. அதோடு ஒரு துணியும் இருக்கிறது, பாவாடை மாதிரி. கும்பிடும்போது அவள் அப்பா அதைத்தான் உடுத்திக்கொள்வார். அவருக்கு முன்னால் அவர் அப்பா உடுத்தினார், அதற்கு முன்னால் அவர் தாத்தா. ஒவ்வொரு கிடாவின் ரத்தமும் அதில் பட்டுப் பட்டு, பலகை மாதிரி விறைத்துப்போயிருக்குமாம். வெள்ளி தொலைந்தால் வேறு வெள்ளி தட்டிக்கொள்ளலாம், துணி தொலைந்தால் ஆத்தா அவர்களிடம் வரமாட்டாள் என்றாள். சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று என் தலைமேல் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் பார்சல் ஆபீசில் ஒரு பெட்டி காணாமல் போனது. பட்டணத்து வக்கீல் ஒருவர் தன் வீட்டு வெள்ளிச் சாமான்களைப் பெட்டியில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, வளவனூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். விழுப்புரத்தில் இறங்கவேண்டும். சம்பந்தி வந்து கேட்டபோது பெட்டி இல்லை. இறங்கியதா, இறங்கவே இல்லையா என்பதும் அப்பாவுக்கு நினைவில்லை. அத்தனை மூட்டைகளுக்கு நடுவே யாருக்குத்தான் நினைவிருக்கும்? ஆனால் சாமான் இறங்கியதற்குக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அப்பா கையெழுத்து இருந்தது. வண்டி கிளம்பும் அவசரத்தில் எண்ணிப் பார்க்காமல் போட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்தார், தின்னவில்லை. பெட்டி கிடைக்காவிட்டால் வேலை போய்விடும், திருட்டுக் கேசும் தன் தலையில் விழும் என்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று அம்மா கேட்டாள். அவர் தட்டையே பார்த்தார். அப்பாவின் மோவாய் ஆடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஏட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறவர்கள்மேல்தான் சந்தேகம், வண்டி வண்டியாக ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்தான் என்றார். கூடாரங்களைத் தேடிப்பார்க்கப் போகிறாராம். அப்போது அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுச்சொல்ல ஆள் வேண்டும். "பாப்பாவ அனுப்புங்க சார். சும்மா நின்னு கேட்டாப் போதும்." அம்மா கூடாது என்றாள். வேப்பிலை அடித்தவள்தான், பூசாரியிடம் இழுத்துப் போனவள்தான், அன்றைக்கு அந்த வீட்டில் சரியாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். அப்பா அவளை அதட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது.

இரண்டு கான்ஸ்டபிள்கள் கூடாரங்களைப் புரட்டினார்கள். பானையை உடைத்தார்கள், பாசித்தட்டைக் கவிழ்த்தார்கள். நானும் அவளும் கோத்த சரங்கள் மண்ணில் கிடந்தன. அவள் என்னை அப்பாவோடு பார்த்து, எனக்கும் ஏதோ ஆபத்து என்று நினைத்தாள் போலிருக்கிறது. கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் கான்ஸ்டபிள் கொம்பில் தொங்கிய மூட்டையைக் கண்டுவிட்டான். தடியால் தட்டினான். உள்ளே உலோகம் ஒலித்தது.

அவள் அப்பா பாய்ந்து போய் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் சிரித்துத்தான் பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடவும் கை ஒழியவில்லை. "எங்க சாமி இது, எசமான். குளிச்சி, கெடா வெட்டித்தான் தொறப்போம். நீங்க பாக்கக் கூடாது சாமி. வேற எத வேணும்னாலும் பாருங்க" என்றார். சாமியா, எந்த ஊரில் சாமியை மூட்டை கட்டி வைக்கிறான் என்று ஏட்டு கேட்டார். அப்போதுதான் அவள் அம்மா பேசினாள். உரக்கவும் இல்லை, ரகசியமாகவும் இல்லை. தன் பாஷையில், புருஷனைப் பார்த்து, வேகமாக.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றா அவ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் விரல்கள் என் தோளில் இறுகின. ஒரு சொல் விடாமல் சொன்னேன். "அந்த மூட்டைய எடுத்துக்கினு ஓடிப்போயி பனங்காட்டுல பொதச்சிடு, இவங்கள நான் பாத்துக்கறேன்னு சொல்றாங்க."

அதில் ஒரு பிசகு இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த வாக்கியத்தை எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு பிசகு இல்லை. அவள் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். பிறத்தியார் கண் படாமல் சாமியைக் காப்பாற்றத்தான் அவள் ஓடச்சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே நின்ற எங்கள் ஆட்களில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"பாத்தீங்களா சார், கெட்டிக்காரப் பொண்ணு" என்றார் ஏட்டு.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. அவள் அப்பாவைத் தடியால் அடித்தார்கள். முதுகில், முழங்காலில். அவர் குனிந்து மூட்டைக்கு மேல் கவிழ்ந்துகொண்டாரே தவிர கையை விடவில்லை. மூன்றுபேர் சேர்ந்து பிரித்தெடுத்தார்கள். முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தியால் அறுத்தார்கள். வெள்ளித் தகடுகள் வெயிலில் விழுந்தன. உள்ளங்கை அகலம் இருக்கும் ஒவ்வொன்றும். என் அப்பா பெருமூச்சு விட்டார். வேலை பிழைத்தது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. வக்கீல் வீட்டுச் சாமான் தட்டும் கிண்ணமும் குத்துவிளக்கும் என்று பட்டியலில் எழுதியிருந்ததே, இந்தத் தகடுகள் எப்படி அதுவாகும் என்று அவரும் கேட்கவில்லை, ஏட்டும் கேட்கவில்லை. உருக்கி அடித்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

துணி கடைசியாக வந்தது. கறுத்து, விறைத்து, ஒரு பக்கம் மடங்கியும் மடங்காமலும். கான்ஸ்டபிள் அதைத் தடியின் நுனியில் தூக்கி, மூக்கைச் சுளித்து, த்தூ கந்தல் என்றான். பத்தடியில் எஞ்சின்களின் சாம்பல் கொட்டுகிற குழி. அப்போதுதான் ஒரு வண்டி கொட்டிவிட்டுப் போயிருந்தது, கங்கு உள்ளே கனன்றுகொண்டிருந்தது. அவன் அதை நோக்கி நடந்தான்.

பத்தடி என்றேன். தடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நிதானமாகத்தான் நடந்தான். "அதப் போடாதீங்க, அதான் அவங்க சாமி" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். எனக்குத் தமிழும் தெரியும், அவர்கள் பாஷையும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வெகுநாள் வரை அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். சத்தியம் வாங்கியிருந்தாளே, யாரிடமும் சொல்லக்கூடாது என்று? தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அதன் பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். இன்றைக்கு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். கெட்டிக்காரப் பொண்ணு என்று ஏட்டு சொன்னாரே, அது காதில் இனித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கை தோளில் லேசாகியிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

துணி சடசடவென்று எரியவில்லை. புகைந்தது. நெடுநேரம் புகைந்தது. அவள் அப்பா போலீசோடு நடந்து போனார். முழங்கால் மடங்க மாட்டாமல் இழுத்து இழுத்து நடந்தார்.

எட்டாம் நாள் திண்டிவனத்திலிருந்து தந்தி வந்தது. வக்கீல் வீட்டுப் பெட்டி அங்கே இருக்கிறது. வண்டி திண்டிவனத்தில் நின்றபோது நாலு பெட்டியோடு இதையும் சேர்த்து இறக்கிவிட்டிருக்கிறார்கள், அதன்மேல் மல்லாட்டை மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். மூட்டைகள் போன பிறகு அடியில் பெட்டி இருந்தது. அரக்கு முத்திரைகூடக் கலையவில்லை.

அவள் அப்பாவை விட்டுவிட்டார்கள். தகடுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்களாம். என் அப்பா மனசாட்சி இல்லாத மனுஷர் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாள் தூங்காமல் புரண்டார். அப்புறம் கடைத்தெருவுக்குப் போய், நல்ல சிவப்புத் துணி ஒன்று, கெட்டி நூல், பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். பழங்கந்தல் போனால் என்ன, புதுத்துணியாகக் கொடுத்துவிடலாம், தீர்ந்தது என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான்தான் அப்போது சொன்னேன், அந்தத் துணி என்ன துணி என்று, முழுசாக, முதல் தடவையாக. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். "நீ உள்ளதத்தானே சொன்ன பாப்பா, அதுல இன்னா தப்பு?" என்றார். அவருக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனார். அங்கே அடுப்புக்கல் மூன்றும் நாய்க்குட்டி ஒன்றும்தான் இருந்தன.

திரும்பி வந்த துணியை அம்மா வீணாக்குவாளா? எனக்குப் பாவாடை தைத்துவிட்டாள். போடமாட்டேன் என்று குதித்தேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் வேண்டுமென்றே வேலமுள்ளில் மாட்டி மேலிருந்து கீழ்வரை கிழித்தேன். அதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அந்த அடிதான் அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த ஒரே நியாயமான தண்டனை, அதுவும் வேறு குற்றத்துக்காக.

அப்பாவைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்டதற்குத் தண்டனை. அங்கேயும் ரயில்வே வீடு, அங்கேயும் பானைகள் ஆடும். எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. நடக்கும்போது, பாடம் எழுதும்போது, தண்ணீர் இறைக்கும்போது ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே இருந்தேன். அவர்கள் பாஷையில்தான். தெரியாத சொற்களைச் சுற்றிக்கொண்டு, தெரிந்த சொற்களை வைத்துக் கட்டினேன். சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. துணி என்னவென்று எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. என்னை அடி. பெரிய பேச்சு ஒன்றும் இல்லை, இவ்வளவுதான். ஆனால் உச்சரிப்பில் ஒரு குறை வரக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு சந்தை நாள். அம்மாவோடு கேப்பை வாங்கப் போயிருந்தேன். சந்தை முனையில், புளியமரத்தடியில், கோணி விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. அவள் அப்பாவைக் காணோம். அவர் எங்கேயோ கூடாரத்தில் இருந்தாரா, முழங்கால் தேறியதா, ஆத்தா அவர்களிடம் வந்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

எதிரே குந்தினேன். மூச்சு வாங்கியது. பேச்சு முழுவதையும் ஒரு சொல் விடாமல், ஒரு பிசகு இல்லாமல், அவர்கள் பாஷையில் சொன்னேன். அவள் அம்மா அசையவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். அவள் கை மட்டும் மணி கோத்துக்கொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் இல்லை அந்த முகத்தில்.

"இன்னா வேணும் சாமி? ஊசியா, பாசியா?" என்றாள், தமிழில்.

அவள் வாயிலிருந்து அதுவரை எனக்கென்று ஒரு தமிழ்ச் சொல் வந்ததில்லை. நான் மறுபடியும் அவர்கள் பாஷையில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கோணியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

"நல்ல ஊசி சாமி. துரு ஏறாது. ஜல்தியா சொல்லுங்க, ஜனம் நிக்கிது."

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மா தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பொட்டலத்தைப் பிரித்தபடியே காத்திருந்தாள்.

ஊசி வேண்டும் என்றேன். தமிழில்தான் சொன்னேன்.